மைனி வாங்கி வைத்த கட்டில்

அக்டோபர் 12, சனி. ஆன்ட்வெர்ப், பெல்ஜியம்.

கீழ்வீட்டுக்காரி என் பிள்ளை பெவினின் தள்ளுவண்டியை மறுபடியும் வெளியே தள்ளி வைத்துவிட்டாள். மழையில் இருக்கையெல்லாம் ஊறிக் கிடக்கிறது. கேட்டால், "காற்று தள்ளியிருக்கும்" என்று சிரிக்கிறாள். கதவைத் திறந்து, படியிறக்கி, சுவரோரமாக ஒழுங்காக நிறுத்தி வைக்கிற காற்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

பெனிஸ்டனிடம் சொன்னேன். "சுதா, உனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம்" என்றார். ஆமாம், சந்தேகம்தான். புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை என்று தூத்துக்குடியிலிருந்து இந்தக் குளிருக்கு வந்து மூன்று வருஷமாகிறது. நான் சந்தேகப்பட்டது எதுவும் இதுவரை பொய்யானதில்லை.

பெவினுக்கு இரண்டு வயது முடிந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் "நே". டச்சு மொழியில் வேண்டாம் என்று அர்த்தம். தோசை? நே. குளிக்கலாமா? நே. தமிழில் வேண்டாம் என்று சொல்லடா என்றால் அதற்கும் நே.

அக்டோபர் 17, வியாழன்.

குழந்தை நல மையத்தில் எடை பார்த்தார்கள். நர்ஸ் பெவினின் டயப்பரைக் கழற்றியவள் முதுகுக்குக் கீழே இருக்கிற நீலத் திட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு திட்டை. பிறகு என்னை. "விழுந்தானா?" என்று மெதுவாகக் கேட்டாள். பிறந்ததிலிருந்தே இருக்கிறது, எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு இருக்கும் என்றேன். பெரிய டாக்டரைக் கூட்டி வந்து காட்டி, அவர் தலையாட்டின பிறகுதான் சிரித்தாள்.

வீட்டுக்கு வரும்வரை பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. அடித்ததாகச் சந்தேகம் வந்தால் இங்கே பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம் என்று என்னென்னவோ கேள்விப்பட்டிருக்கிறேன். என் பிள்ளையை யாராவது எடுக்கட்டும் பார்க்கலாம்.

நவம்பர் 3, ஞாயிறு.

எழுதவே கை வரவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

புனிதர்கள் திருநாள் விடுமுறைக்கு ரயிலில் ஜெர்மனியில் இருக்கிற கொலோன் போனோம். பெரிய சர்ச், ஆற்றுப் பாலம் முழுக்கக் காதலர்கள் மாட்டிய பூட்டுகள், பெவினுக்கு ஒரு மர வாத்து. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நேற்று திரும்பும்போது ஸ்டேஷனில் பிள்ளை சூடாக இருக்கிறானே என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் கண் மேலே செருகிவிட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. நான் தரையில் உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. யாரோ ஒரு பெண் கோட்டைக் கழற்றிப் பிள்ளைக்குத் தலைக்கு வைத்தாள், இன்னொருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

பெனிஸ்டன் தூணில் சாய்ந்து நின்றார். "பிடிங்க! பிள்ளையைப் பிடிங்க!" என்றேன். அசையவில்லை. கை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

காய்ச்சல் வலிப்பு. நிறையப் பிள்ளைகளுக்கு வருவதுதான், ஐந்து வயதுக்குள் நின்றுவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பிள்ளை இப்போது வாத்தை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். எனக்குத்தான் அந்தத் தூண் கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

நவம்பர் 8, வெள்ளி.

கவனித்துக்கொண்டே இருக்கிறேன். கொலோனிலிருந்து வந்த பிறகு பெனிஸ்டன் பிள்ளையைத் தூக்கவே இல்லை. அவன் "அப்பா" என்று காலைக் கட்டினால் தலையைத் தடவிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

தினமும் பால்கனியில் போன். குளிரில் மூக்கு சிவக்க, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு. யாரிடம் என்றால், "அக்காகிட்ட." அக்காவிடம் பேச பால்கனி எதற்கு?

நவம்பர் 15, வெள்ளி.

வந்துவிட்டது வெளியே. சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே: "கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போறோம்லா, பெவினை ரெண்டு மூணு மாசம் அக்காட்ட விட்டுட்டு வந்தா என்ன? அங்கன வெயில். இந்தக் குளிரு அவனுக்குச் சேரல."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். உடனே சிரித்து, "சும்மா சொன்னேன்" என்றார். சும்மா சொல்கிறவர் காது ஏன் சிவக்கிறது?

தேவமணி மைனி இவருக்கு ஒரே அக்கா. ஒன்பது வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மைனியின் புருஷனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில்தான். பிள்ளை இல்லை. நல்லவள்தான், யார் இல்லை என்றது? பெவின் பிறந்த அன்று வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் அழுதாள். அப்போது எனக்குப் பாவமாக இருந்தது. இப்போது பயமாக இருக்கிறது.

நவம்பர் 24, ஞாயிறு.

பெவினுக்குப் பனிக்கால ஷூ சிறிதாகிவிட்டது. வாங்கலாம் என்றேன். "போயிட்டு வந்து பாத்துக்கலாமே" என்றார். ஜனவரியில் வந்து இறங்கும்போது பிள்ளை வெறுங்காலோடா நடப்பான்? அல்லது வரும்போது பிள்ளையே—

இல்லை. அவரிடமிருந்து டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மூன்று பேருக்கும் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. இருந்தால் என்ன? ஒரு இருக்கையைக் காலியாக விட்டுவிட்டு வர முடியாதா?

டிசம்பர் 14, சனி. தூத்துக்குடி.

சென்னையில் மாறி, சின்ன விமானத்தில் வந்து இறங்கினோம். உப்பளங்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பெவின் அதைப் பார்த்து "பனி, பனி" என்றான். பெனிஸ்டனின் அப்பா காலத்துப் பிரையண்ட் நகர் வீட்டில் இப்போது மைனிதான் இருக்கிறாள், வாசலில் நின்றிருந்தாள். ஓடி வந்தவள் இரண்டடி தள்ளி நின்று, "தூக்கலாமாளா?" என்று என்னிடம் கேட்டாள். கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. கேட்காமல் தூக்கியிருந்தாலும் பிடித்திருக்காது.

உள்ளே போனால் மைனி அறையில் ஒரு புதுக் கட்டில். பிள்ளைக் கட்டில். தேக்கு, சுற்றிலும் கம்பி, மீன் படம் போட்ட மெத்தை.

"இங்கன இருக்க மூணு வாரத்துக்கா மைனி தேக்குல செஞ்சிய?"

"நல்லதா இருக்கட்டும்னுதான்" என்று மெத்தையின் சுருக்கத்தை நீவினாள். சுருக்கமே இல்லை.

டிசம்பர் 16, திங்கள்.

பாஸ்போர்ட் மூன்றும் மைனியின் பீரோவில். "பையில கெடந்தா களவு போயிரும்லா" என்று பெனிஸ்டன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். சாவி மைனியின் இடுப்பில். என் புருஷன், என் பிள்ளை, என் பாஸ்போர்ட்.

மாலையில் பேக்கரிக்கு மக்ரூன் வாங்கப் போன இடத்தில் மைனியின் பள்ளிக்கூடத்து பிளாரன்ஸ் டீச்சர். பெவின் கன்னத்தைக் கிள்ளி, "இவனையா ஜூன்ல பிரீகேஜில சேக்கணும்னு தேவமணி விசாரிச்சா?" என்றாள். நான் சிரித்துச் சமாளித்தேன். மக்ரூன் வாயில் மண்ணாக இருந்தது.

டிசம்பர் 18, புதன்.

பக்கத்து வீட்டு சீனித்தாய் அம்மாள் வந்தார்கள். தெருக்கோடியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறவர்கள், அறுபதைத் தாண்டிய வயது. பெனிஸ்டன் அவர்களை "அம்மா" என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதிலேயே எனக்கு இது விளங்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்கள், நாங்களோ கிறிஸ்தவக் குடும்பம். கிறிஸ்துமஸ் தோறும் இவருக்கு ஒரு சட்டைத் துணி அங்கிருந்து வரும். பழக்கம் என்பார். என்ன பழக்கம் என்றால் பேச்சு மாறும்.

இன்றைக்கு அந்த அம்மாள் பெவினை மேலும் கீழும் பார்த்தார்கள். தலையை, நெஞ்சை, உள்ளங்காலை. சந்தையில் பார்க்கிற பார்வை. பிறகு மைனியும் அவர்களும் இவரும் பின்கட்டில் குசுகுசு. நான் தண்ணீர் எடுக்கப் போனதும் மூன்று வாயும் மூடிக்கொண்டன.

அடுப்படி அலமாரியில் மஞ்சள் பையில் ஏதோ கனமாக. திறந்து பார்த்தேன். தவிடு. வீட்டில் மாடு இல்லை, கோழி இல்லை. தவிடு எதற்கு?

டிசம்பர் 20, வெள்ளி.

பெவின் இன்று மைனியை "மா" என்று கூப்பிட்டான். மைனி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 22, ஞாயிறு.

காலை ஆராதனை முடிந்து சபையார் எல்லாருக்கும் சாப்பாடு. பந்தியில் உட்கார வைத்தால் பெவின் அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு முன்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டே பின்வாசல் வழியாக வந்தார்கள். நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

"அவ ஒத்துக்க மாட்டாக்கா. சர்ச் ஐயர் மக. கேட்டா மொதல்ல அவ அப்பாட்டத்தான் சொல்லுவா."

"நீயா கொடுத்தா செல்லாதுலே. பெத்தவ கையால கொடுத்தாத்தான் பிள்ளை எனக்கு. நைசாப் பேசிப் பாரு. நாளு ஓடுதுல்லா."

இதற்கு மேலும் கேட்டுக்கொண்டு நிற்க நான் என்ன மரமா?

வெளியே வந்தேன். என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. "கட்டிலு வாங்கியாச்சு, பள்ளிக்கூடம் பாத்தாச்சு, பாஸ்போர்ட்டப் பூட்டியாச்சு, இன்னும் என்ன? எம் பிள்ளையப் பங்கு போட நீங்க யாரு? ஒங்களுக்கு இல்லன்னா எம் பிள்ளையக் கேப்பியளா?" அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. மைனி முகம் வெளுத்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை. பெவினுக்கு இரண்டு சட்டையை எடுத்துப் பையில் திணித்து, நாசரேத் பஸ் ஏறி அப்பா வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

பெனிஸ்டன் வாசலை மறித்து நின்றார். மறிக்கக் கை தூக்கியவர் அப்படியே படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். கல்யாணமான இந்த ஐந்து வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 23, திங்கள்.

நேற்று மீதியை எழுத முடியவில்லை.

அவர் அழுதுகொண்டிருக்கும்போது மைனி உள்ளே போய் அந்த மஞ்சள் பையையும் அரிசி புடைக்கிற ஒரு சுளகையும் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"தவிட்டுக்கு வாங்கத்தாம்ளா கேட்டோம். பிள்ளைய ஒன்ட்டருந்து பிரிக்கல்லாம் கேக்கல."

ஹாலில் மாட்டியிருக்கிற குழந்தைப் படம், இத்தனை நாள் பெனிஸ்டன் என்று நினைத்தேனே, அது அவர் இல்லையாம். ஜெபசிங். மைனிக்கும் இவருக்கும் நடுவில் பிறந்தவன். இரண்டு வயதில் காய்ச்சலில் வலிப்பு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவர்கள் அப்பா மடியிலேயே போய்விட்டான். மைனிக்கு அப்போது ஏழு வயது. வில்வண்டியில் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குப் பிறகு பெனிஸ்டன் பிறந்ததும், இந்த வீட்டில் பிள்ளை தங்காது என்று பயந்து, பக்கத்து வீட்டில் புதிதாக வாழ வந்திருந்த சீனித்தாய்க்குச் சடங்காகத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். விற்ற பிள்ளை அவர்கள் பிள்ளை. நாம் சும்மா வளர்த்துக் கொடுக்கிறோம். நம் வீட்டுக் கெட்டகாலம் அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தேடாதாம். கட்டிக்கொடுத்த அக்காவும் அடுத்த வீடுதானாம். அந்த "அம்மா"வும் சட்டைத் துணியும் இதுதான்.

"அப்பா மடியில போனான்னு சொல்லிச் சொல்லியே எங்க அம்மா இவன வளத்தா. கொலோன்ல அந்தத் தூண விட்டு இவனால வர முடியலளா. தான் தொட்டா பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிரும்னு பயம். தூக்க மாட்டுக்கான் பாத்தியா?" என்றாள் மைனி.

பார்த்தேன். பார்த்து என்னென்னவோ நினைத்தேன்.

ஆனாலும் என் புத்தி விடுமா? "அப்ப கட்டிலு? பள்ளிக்கூடம்?" என்று கேட்டேன்.

மைனி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆசப்பட்டேன். இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். இவன் ஒரு நாளு வாய்தவறி, விட்டுட்டு வரட்டாக்கான்னான். நான் கட்டிலே செஞ்சிட்டேன்."

சந்தேகப்பட்டதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் பேசின பேச்சை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? "மைனி, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "சொல்லு. பெத்தவ சொல்லத்தான் செய்வா" என்று பையிலிருந்து பெவின் சட்டைகளை எடுத்து மடித்து வைத்தாள்.

டிசம்பர் 26, வியாழன்.

கிறிஸ்துமஸ் போயிற்று. பாஸ்போர்ட் மூன்றும் என் தலையணைக்குக் கீழே இருந்தன. யார் வைத்தது என்று கேட்கவில்லை.

யோசித்துக்கொண்டே இருக்கிறேன். எங்கள் அப்பா சபைப் போதகர், பிரசங்க பீடத்தில் ஏறி தாயத்தையும் மந்திரித்த கயிற்றையும் கிழித்துத் தொங்கப் போடுகிறவர். அவர் மகள் சுளகில் பிள்ளையைப் போட்டு விற்பதா? டாக்டர்தான் தெளிவாகச் சொல்லிவிட்டாரே. எனக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை.

ஆனால் இன்று மதியம் பெவின் படியில் தடுக்கி விழுந்தான். பெனிஸ்டன் ஓடி வந்தார். ஓடி வந்து, குனிந்து, கை அவன்மேல் படுவதற்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. பிள்ளை கை இரண்டையும் நீட்டிக்கொண்டு அழுகிறான். நான்தான் போய்த் தூக்கினேன்.

இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

பைபிளில் அன்னாள், ஜெபித்துப் பெற்ற தன் சாமுவேலை ஆலயத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரவில்லையா? அவள் ஒரு பிடி தவிடுகூட வாங்கவில்லை. அப்பா என்றைக்காவது கேட்டால் இதைச் சொல்லிக்கொள்ளலாம். நானாகச் சொல்லப் போவதில்லை.

டிசம்பர் 28, சனி.

நடந்து முடிந்தது.

பின்கட்டில், காலை வெயிலில். சீனித்தாய் அம்மாள் சுளகைக் கீழே வைத்து, "பிள்ளையப் படுக்கப் போடு" என்றார்கள். பெவினா படுப்பான்? சுளகில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு "நே" என்றான். "சரி, உக்காந்துக்கிட்டே வித்துப் போறான்" என்று சிரித்தார்கள். மைனி தவிட்டைப் படியால் அளந்து என் முந்தானையில் கொட்டினாள். நான் சுளகைத் தூக்க வேண்டும். கனத்தான். ஒரு பக்கம் பெனிஸ்டன் பிடித்தார், சுளகைத்தான், பிள்ளையை இல்லை.

"இது யாரு பிள்ளை? மூணு தடவ சொல்லு" என்றார்கள் சீனித்தாய் அம்மாள்.

எனக்கு நம்பிக்கை இல்லை என்று முந்தாநாள் எழுதினேனே. வாய் வரவில்லை. முதல் தடவை வெறும் காற்றுதான் வந்தது. "தேவமணி மைனி பிள்ளை" என்று சொல்லி முடிப்பதற்குள் முந்தானைத் தவிடெல்லாம் கண்ணீர்.

மைனி பிள்ளையை அள்ளி எடுத்துக்கொண்டாள். நெஞ்சோடு.

"வாங்கினவ சொல்லு. பிள்ளைய யாரு வளக்கப் போறா?"

மைனி அவன் தலையில் முகத்தை வைத்துக் கண்ணை மூடி நின்றாள். அந்தக் கட்டில், அந்தப் பள்ளிக்கூடம், அந்தச் சாவி, எல்லாம் ஒரு சுற்று என் கண் முன்னால் வந்துபோயின. சொல்லிவிடுவாளோ? 'நானே வளர்க்கிறேன்' என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? இப்போதுதானே மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன்?

"எம் பிள்ளைய இவங்க ரெண்டு பேரும் வளக்கட்டும்" என்றாள் மைனி. சொல்லிவிட்டு என்னிடம் நீட்டவில்லை. பெனிஸ்டனிடம் நீட்டினாள். "பிடிலே. எம் பிள்ளைய ஒன்னய நம்பித் தாரேன். பத்திரமாப் பாத்துக்க."

வாங்கினார். முதலில் கண்ணாடிச் சாமானை வாங்குவதுபோல. பிறகு ஒழுங்காக. பெவின் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தான்.

ஜனவரி 5, ஞாயிறு. ஆன்ட்வெர்ப்.

பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் கைப்பையைத் திறந்து, பெவினின் பழைய காலுறைக்குள் கட்டி வைத்திருந்த ஒரு பிடி தவிட்டை எடுத்தார். முகர்ந்தார். சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், என்னுடையதே அதுதான். என்ன இது என்றார். மாட்டுத் தீவனம் என்றேன். மாடு எங்கே என்றார். எனக்குத் தெரிந்த டச்சில் இதற்கு மேல் விளக்க முடியாது. காலுறையோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

எனக்குத் திக்கென்றது. வாங்கின விலையே போய்விட்டதே, விற்றது செல்லுமா? வெளியே வந்ததும் முதல் வேலையாக ஊருக்குப் போன் போட்டேன். மைனி சீனித்தாய் அம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டாள். "தவிடு போனா போகுது, பிள்ள வித்தது வித்ததுதான்" என்றார்களாம். பெனிஸ்டன் ரயில் வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார், பெவினைத் தோளில் வைத்துக்கொண்டு.

கீழ்வீட்டுக்காரி கதவு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தாள். தள்ளுவண்டியை இனி மேலே தூக்கிப் போய்விட வேண்டும்.

பிப்ரவரி 9, ஞாயிறு.

காலையில் பெவினுக்கு உடம்பு கொதித்தது. முப்பத்தொன்பதுக்கு மேல். எனக்குக் கொலோன் ஸ்டேஷன் தரை மறுபடியும் காலடியில் வந்துவிட்டது. மருந்துப் புட்டியைத் திறக்கவே முடியவில்லை, விரல் வழுக்கியது.

திரும்பிப் பார்த்தால் பெனிஸ்டன் பிள்ளையின் சட்டையைக் கழற்றிவிட்டு அவனை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கிண்ணத்தில் தண்ணீர். நெற்றியைத் துடைக்கிறார், கழுத்தைத் துடைக்கிறார். முகம் வெளிறித்தான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

நான் போனை எடுத்தேன்.

"மைனி, ஒங்க பிள்ளைக்குக் காய்ச்சல்."

"எவ்வளவு இருக்கு? மருந்து கொடுத்தியா? தண்ணி குடிக்கானா? எம் பிள்ளைய நேத்து வெளிய கூட்டிட்டுப் போனியளா? குல்லாப் போட்டியளா இல்லியா? தம்பி எங்க?"

"மடியில வச்சிருக்காங்க."

"சரி. அவன்ட்ட போனக் கொடு" என்றாள்.

கொடுத்தேன். பெனிஸ்டன் அதை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகவில்லை. பிள்ளையைக் கீழே இறக்கவுமில்லை. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, என் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசினார். மதியம் காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி கொண்டுபோனேன். நே என்றான்.